யானை வருகிறது என்று கேமராவுக்கு எப்படித் தெரியும்?

எங்கள் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் சில உலோகக் கம்பிகள் தொங்குகின்றன. தண்ணீர் ஏறி மேல் கம்பியைத் தொட்டால் மோட்டார் நின்றுவிடும். கீழ்க் கம்பிக்கும் கீழே இறங்கிவிட்டால் தானாக ஓட ஆரம்பிக்கும். சூழலைக் கவனித்து அதற்கேற்ப நடந்துகொள்ளும் இயந்திரம் என்று பார்த்தால் இதுவும் அந்தச் சாதிதான். ஆனால் இதில் செயற்கை நுண்ணறிவு ஒரு சொட்டுகூடக் கிடையாது. "தண்ணீர் இங்கே வந்தால் நிறுத்து" என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடக்கூடிய வேலை. அதற்கு ஒரு சுவிட்ச் போதும்.

போன வருஷம் அந்தக் கம்பியில் போர் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் படிந்துவிட்டது. தண்ணீர் தொட்டும் அதற்குத் தெரியவில்லை. மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா தெருவில் நின்று கூப்பிட்ட பிறகுதான் நான் மாடிக்கு ஓடினேன். இந்த உப்பும் அந்த அக்காவும் இந்தக் கட்டுரையில் பின்னால் மறுபடி வருவார்கள்.

இப்போது தொட்டியை விட்டுவிட்டு மதுக்கரைக்குப் போவோம்.

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்கு ரயிலில் போனவர்களுக்கு மதுக்கரை, எட்டிமடை, வாளையாறு என்ற வரிசை தெரிந்திருக்கும். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் மலை கூடவே வரும். இங்கே இரண்டு தண்டவாளங்களும் எல்லா ஊரிலும் போல ஒட்டிக்கொண்டு போகாமல் ஓரிடத்தில் பிரிந்து தனித்தனியே காட்டுக்குள் போகின்றன. 'ஏ லைன்', 'பி லைன்' என்று பெயர். யானைகள் தீவனத்துக்கும் தண்ணீருக்கும் இந்தத் தண்டவாளங்களைத் தாண்டியாக வேண்டும். 2021 நவம்பர் 26 அன்று இரவு நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் ஒரே நேரத்தில் இறந்தன. அந்தப் பாதையில் அதற்கு முன்பும் யானைகள் செத்திருக்கின்றன.

2024 பிப்ரவரியில் தமிழ்நாடு வனத்துறை அங்கே ஓர் ஏற்பாட்டைத் தொடங்கி வைத்தது. சுமார் 7 கிலோமீட்டர் நீளத்துக்கு 12 கோபுரங்கள், அவற்றில் 24 கேமராக்கள், மதுக்கரையில் ஒரு கட்டுப்பாட்டு அறை. செலவு 7.24 கோடி ரூபாய். யானை தண்டவாளத்தை நெருங்கினால் கணினியே அதைக் கண்டுபிடித்து எச்சரிக்கும். அது தொடங்கிய பின் அந்தப் பகுதியில் ரயில் மோதி யானை சாகவில்லை என்று வனத்துறை சொல்லிவந்திருக்கிறது.

சரி, தொட்டிக்குப் போட்டதுபோல இங்கேயும் ஒரு சுவிட்ச் போட்டிருக்கக் கூடாதா? "பெரிதாக ஏதாவது அசைந்தால் மணி அடி" என்று? போடலாம். காற்றில் ஆடும் மரக்கிளைக்கும் மணி அடிக்கும், மேய வந்த மாட்டுக்கும் அடிக்கும், மழைக்கும் அடிக்கும். "சாம்பல் நிறமாக இருந்தால்" என்று சேர்த்தால் பாறையெல்லாம் யானையாகிவிடும். மண் குளியல் போட்ட யானை செம்மண் நிறத்தில் வரும்போது அது விட்டும்போகும். "தும்பிக்கை இருந்தால்" என்றால், உண்ணிச்செடிப் புதருக்கு மேலே முதுகு மட்டும் தெரிகிற யானையை என்ன செய்வது? யானையை நாம் பார்த்த உடனே அறிகிறோம். ஆனால் எதை வைத்து அறிகிறோம் என்று நாலு விதிகளாக எழுதித் தரச் சொன்னால் முழிக்கிறோம். செயற்கை நுண்ணறிவு தேவைப்படும் இடம் இதுதான். விதியை நாம் எழுதித் தராமல், படங்களைக் காட்டி, அதையே விதியைக் கண்டுபிடிக்க வைப்பது.

முதலில் கண். பகலில் சாதாரணக் கேமரா போதும். யானைகளோ பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் தண்டவாளத்தைத் தாண்டுகின்றன. அதனால் தெர்மல் கேமரா வேண்டும். அது வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை. பொருள்களிலிருந்து கிளம்பும் வெப்பத்தைப் பார்க்கிறது. உயிருள்ள எந்த உடம்பிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. குளிர்ந்த இரவில், குளிர்ந்த செடிகொடிகளுக்கு நடுவே யானை ஒரு விளக்கைப்போலப் பளிச்சென்று தெரியும். கோடையில் பாடு திண்டாட்டம். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த பாறை மாலை ஏழு மணிக்கும் சூடு விடாமல் இருக்கும். பாறையும் யானையும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்தால் கேமராவுக்கு இரண்டும் ஒரே நிறம். பனிமூட்டமும் மழையும் வேறு விதமாகத் தொல்லை தரும்.

அப்புறம் பாடம். இதை நானே ஒருமுறை செய்து பார்த்திருக்கிறேன், யானையை வைத்து அல்ல, காக்கையை வைத்து. சித்திரை மாதம் அம்மா மாடியில் கூழ் வடகம் காயப்போட்டிருந்தார். காவலுக்கு நான். பழைய லேப்டாப்பை நிழலில் வைத்து, கூகுள் இலவசமாகத் தரும் டீச்சபிள் மெஷின் என்ற கருவியைத் திறந்தேன். அதற்கு நிரல் எதுவும் எழுதத் தெரிய வேண்டாம். காக்கை இருக்கும் படங்கள் 200, காக்கை இல்லாத வெறும் வடகத் துணி 200 என்று இரண்டு பெட்டிகளில் போட்டு, "கற்றுக்கொள்" என்று ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அது ஒவ்வொரு படத்தையும் யூகிக்கும், தப்பென்றால் உள்ளே இருக்கும் எண்களைக் கொஞ்சம் திருகிக்கொள்ளும், மறுபடி யூகிக்கும். ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்கக் குமிழைத் திருகுவோமே, அதுபோல ஏகப்பட்ட குமிழ்கள்.

ஐந்து நிமிஷத்தில் பாடம் முடிந்தது. மறுநாள் காலை ஒரு காக்கைகூட இல்லாத துணியைப் பார்த்து "காக்கை, காக்கை" என்றது. மதியம் இரண்டு காக்கைகள் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தபோது "இல்லை" என்று சாதித்தது. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்த பிறகுதான் புரிந்தது. காக்கைப் படங்கள் எல்லாவற்றையும் நான் காலையில் எடுத்திருந்தேன். வெறும் துணியை மதியம். காலையில் கைப்பிடிச் சுவரின் நிழல் துணிமேல் சாய்வாக விழும், மதியத்தில் விழாது. அது கற்றது காக்கையை அல்ல, நிழலை. நான் கொடுத்த படங்களில் இரண்டையும் பிரிக்க அதுதான் சுலபமான வழி. அதைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை.

மதுக்கரை மாதிரியான இடத்துக்கு இதே கதைதான், பெரிய அளவில். பகல் யானை, இரவு யானை, மழையில் நனைந்த யானை, தாயின் காலுக்குப் பின்னால் பாதி மறைந்த குட்டி, ஒரு காது மட்டும் தெரியும் யானை எல்லாம் பாடத்தில் இருக்க வேண்டும். அதே அளவுக்கு முக்கியம், யானை இல்லாதவற்றின் படங்கள்: எருமை, காட்டுப்பன்றி, விறகு சுமந்து போகும் ஆள், சூடான பாறை. அந்தந்த இடத்துக் கேமராவில், அந்தந்த இடத்து வெளிச்சத்தில் எடுத்தவையாக இருந்தால் இன்னும் நல்லது. இணையத்தில் கிடைக்கும் ஆப்பிரிக்க யானைப் படங்களைக் கொட்டிப் பாடம் நடத்தினால், திறந்த புல்வெளியில் பகலில் விசிறிக் காதோடு நிற்கும் யானையைத்தான் அது நன்றாகக் கண்டுபிடிக்கும்.

பாடம் முடிந்த கணினி "யானை" என்று ஒற்றை வார்த்தையில் பதில் சொல்வதில்லை. "83 சதவீதம் யானை" என்கிற மாதிரி ஓர் எண்ணைச் சொல்கிறது. எத்தனை சதவீதத்துக்கு மேல் போனால் மணி அடிப்பது என்று கோடு கிழிப்பது மனிதர்கள். இந்தக் கோட்டைத்தான் ஆரம்பநிலை வாசகர்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்பேன். 95இல் கோடு போட்டால் மணி அடிக்கும்போது பெரும்பாலும் நிஜமாகவே யானை இருக்கும், ஆனால் புதரில் மறைந்த ஒன்றிரண்டு தப்பிவிடும். 50இல் போட்டால் தப்புவது அரிது, ஆனால் மாட்டுக்கும் மணி அடிக்கும். இரண்டு தவறுகளையும் ஒரே நேரத்தில் ஒழிக்கும் கோடு கிடையாது. எந்தத் தவறை நம்மால் தாங்க முடியும் என்பதை யோசித்துத்தான் கோடு போட வேண்டும், அதைக் கணினி நமக்காக யோசிக்காது. ஒரு யானையைத் தவறவிடுவதற்கு விலை ஓர் உயிர், சில சமயம் ரயிலுக்கும் ஆபத்து. மாட்டைப் பார்த்து ஒரு ரயிலை மெதுவாகப் போகச் சொன்னால் சில நிமிஷத் தாமதம். அப்படியென்றால் கோட்டைக் கீழே இறக்கிவிட வேண்டியதுதானே?

அங்கேதான் ஒரு கணக்கு குறுக்கே நிற்கிறது. ஒரு பேச்சுக்கு, ஒவ்வொரு கேமராவும் நொடிக்கு ஒரு படத்தைச் சோதிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 86,400 நொடி. 24 கேமராவுக்குச் சுமார் 20 லட்சத்து 73 ஆயிரம் படங்கள். லட்சம் படத்துக்கு ஒன்றே ஒன்றில்தான் தப்பு செய்கிறது, அதாவது 99.999 சதவீதம் சரி என்று வைத்துக்கொண்டால்கூட ஒரு நாளைக்கு 20 பொய்மணி. "எங்கள் கருவி 99 சதவீதம் துல்லியம்" என்று யாராவது விளம்பரம் செய்தால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அந்த 99ஐ வைத்தால் நாளுக்கு இருபதாயிரம் பொய்மணி.

அதனால் ஒற்றைப் படத்தை நம்பாமல் இருப்பது வழக்கம். தொடர்ந்து நாலைந்து படங்களில் அதே இடத்தில் யானை தெரிகிறதா, முந்தைய படத்தில் இருந்த இடத்திலிருந்து நம்பும்படியான தூரம்தான் நகர்ந்திருக்கிறதா, பக்கத்துக் கேமரா என்ன சொல்கிறது என்று பார்ப்பது. ஒரு நொடியில் முளைத்து மறு நொடியில் மறையும் யானை எங்கும் இல்லை. இப்படிச் சேர்த்துப் பார்த்தால் பொய்மணி வெகுவாகக் குறையும். பதிலுக்குச் சில நொடிகள் கைவிட்டுப் போகும்.

நொடிகள் எவ்வளவு முக்கியம் என்று பார்க்கலாம். நடந்து வரும் யானைக்கு மணிக்கு 5 கிலோமீட்டர் வேகம் என்று வைத்தால், 150 மீட்டரைக் கடக்க 108 நொடி. 50 மீட்டரைக் கடக்க 36 நொடி. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் ஒரு நிமிஷத்துக்கு ஒரு கிலோமீட்டர் போகும், ஆகவே அந்த 36 நொடியில் 600 மீட்டர் வந்துவிடும். பிரேக் பிடித்தாலும் ரயில் பேருந்து மாதிரி நிற்காது. பல நூறு மீட்டர் ஓடித்தான் நிற்கும். யானை 50 மீட்டரில் இருக்கும்போது தகவல் கிளம்பினால், அது ஓட்டுநரின் காதுக்குப் போய், அவர் பிரேக்கைத் தொடுவதற்குள் கணக்கு தீர்ந்துவிடக்கூடும். 150 மீட்டரில் கிளம்பினால் மூச்சுவிட இடம் இருக்கிறது. தண்டவாளத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் யானை இருக்கிறது என்பதை வைத்து மதுக்கரையில் எச்சரிக்கைக்கு நிறம் பிரித்திருப்பது இதற்காகத்தான். சிவப்பு என்றால் மிக நெருக்கத்தில்.

இந்த மாதிரி ஏற்பாடுகளில் இன்னொரு தேர்வும் நொடிக்காகச் செய்யப்படுவது. கேமராவில் வரும் வீடியோ முழுவதையும் எங்கோ இருக்கும் கணினிக்கு அனுப்பி, அது பார்த்து, பதில் சொல்லும்வரை காத்திருக்கலாம். காட்டில் சிக்னல் எப்படி இருக்கும் என்று தெரியுமே. அதற்குப் பதில் கோபுரத்திலேயே ஒரு சின்னக் கணினியை வைத்து அங்கேயே முடிவெடுக்க வைத்து, "யானை, மூன்றாம் கோபுரம், 120 மீட்டர்" என்ற ஒரு துளித் தகவலை மட்டும் அனுப்பினால் கம்பிவழியும் காற்றுவழியும் நெரிசல் இல்லை.

வடகிழக்கில் ரயில்வே வேறொரு கண்ணை, சொல்லப்போனால் காதை, பயன்படுத்துகிறது. கஜராஜ் என்று பெயர். தண்டவாளத்தை ஒட்டி மண்ணுக்குள் புதைத்திருக்கும் ஆப்டிகல் ஃபைபர் கம்பிக்குள் ஒளித்துடிப்புகளை அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். அந்த ஒளியில் கொஞ்சம் வழியெல்லாம் சிதறித் திரும்பி வரும். மேலே மண் அதிர்ந்தால் கம்பி இம்மியளவு நெளியும், திரும்பி வரும் ஒளி மாறும். திரும்பி வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை வைத்து, எந்த இடத்தில் அதிர்ந்தது என்று சொல்லிவிடலாம். அது மனிதக் காலடியா, வண்டியா, யானை நடையா என்று பிரிப்பதைத்தான் செயற்கை நுண்ணறிவு செய்கிறது. வடகிழக்கு எல்லைப்புற ரயில்வேயின் அலிப்பூர்துவார் கோட்டத்தில் 2022 இறுதியில் இது சோதனையாக ஆரம்பித்தது. இருட்டும் மூடுபனியும் இதற்கு ஒரு பொருட்டே இல்லை. எனக்கு இந்த யோசனை மிகவும் பிடிக்கும், கண்ணைக் கட்டிவிட்டாலும் மாடிப்படியில் ஏறுவது அப்பாவா தம்பியா என்று நமக்குத் தெரிகிறதல்லவா.

வேறு துறைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மலையுச்சிக் கேமராக்களில் காட்டுத்தீயின் முதல் புகையைக் கணினி தேடுகிறது. மூடுபனியையும் வாகனப் புழுதியையும் புகை என்று அது ஏமாறுவதுண்டு என்பதால், ஓர் ஆள் படத்தைப் பார்த்து உறுதி செய்கிறார். வெள்ள எச்சரிக்கைக்காக கூகுள் தன் முதல் சோதனையை 2018இல் பாட்னாவில் செய்தது. வானிலைக் கணிப்பிலும் 2023க்குப் பிறகு இப்படிக் கற்றுக்கொள்ளும் கணினி மாதிரிகள் வேகமாக நுழைந்துவிட்டன. பார்ப்பதும் கற்பதும் கோடு போடுவதும் எல்லா இடத்திலும் ஒன்றுதான், பார்க்கும் பொருள் மட்டும் மாறுகிறது.

மறுபடி மதுக்கரை. மணி அடித்தாயிற்று. இப்போது யார் என்ன செய்வது? இதுபற்றிப் படிக்கும்போதெல்லாம் பாதிக் கட்டுரைகள் மணி அடித்ததோடு முடிந்துவிடுவது எனக்கு எரிச்சலாக இருக்கும். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவர் படத்தைப் பார்க்க வேண்டும். ரயில்வேக்குத் தகவல் போக வேண்டும். அங்கிருந்து லோகோ பைலட்டுக்குப் போக வேண்டும், அவர் வேகத்தைக் குறைக்க வேண்டும். இன்னொரு பக்கம் வனக்காவலர்கள் அந்த இடத்துக்குப் போய் யானையைத் திருப்ப வேண்டும், இல்லை பத்திரமாகத் தாண்டும்வரை நிற்க வேண்டும். இந்தச் சங்கிலியில் இருப்பவர்கள் எல்லோரும் மனிதர்கள், அதிலும் இரண்டு வெவ்வேறு துறைகளைச் சேர்ந்தவர்கள். ஒரு நாளைக்கு இருபது பொய்மணி வந்தால் இருபத்தோராவது மணிக்கு இவர்கள் எவ்வளவு வேகமாக எழுந்திருப்பார்கள்? குடும்ப வாட்ஸப் குழுவில் நாளெல்லாம் காலை வணக்கம் வந்தால், நிஜமான அவசரச் செய்தியை எப்போது திறந்து பார்ப்போமோ அப்போது. கோடு எங்கே போடுவது என்ற கேள்விக்கு இவர்களுடைய சலிப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மணி அடித்த பிறகு மனிதர்கள் செய்ய வேண்டிய இந்தப் பாதியை, செயற்கை நுண்ணறிவு எதுவும் இல்லாமலேயே, வால்பாறை முன்பே செய்து காட்டியிருக்கிறது. அங்கே யானையால் மனிதர்கள் இறந்ததற்குப் பெரிய காரணம், அந்த வழியில் யானை நிற்கிறது என்று தெரியாமல் இருட்டில் நேருக்கு நேர் போய்விட்டதுதான். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள் வனத்துறையோடும் எஸ்டேட் மக்களோடும் சேர்ந்து ஒரு வழி செய்தார்கள். யானை எங்கே இருக்கிறது என்று எஸ்டேட் தொழிலாளர்களின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி போகும். உள்ளூர் கேபிள் டிவியில் படத்துக்குக் கீழே எழுத்தாக ஓடும். தூரத்திலிருந்தே தெரியும்படி உயரமான கம்பங்களில் சிவப்பு விளக்குகள். யானை பக்கத்தில் வந்தால் கைபேசியிலிருந்து அழைத்தே அதை எரியவிடலாம். பஸ்ஸிலிருந்து இறங்குபவர் விளக்கைப் பார்த்தால் போதும், நடக்கலாமா காத்திருக்கலாமா என்று முடிவு செய்துகொள்வார். கண்ணாக இருந்தவர்களும் மனிதர்கள், செயல்பட்டவர்களும் மனிதர்கள். மதுக்கரையில் மாறியது கண் மட்டும்தான்.

அப்புறம் அந்த உப்பு. கேமராவை மாட்டிவிட்டு வந்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. லென்ஸில் தூசி ஏறும். இரவில் விளக்கு இருந்தால் பூச்சிகள் வரும், பூச்சியைத் தேடி சிலந்தி வந்து லென்ஸுக்குக் குறுக்கே வலை பின்னும். புதர் வளர்ந்து மறைக்கும். மார்கழியில் கற்றதை வைத்துக்கொண்டு கணினி சித்திரையில் தடுமாறும், ஏனென்றால் காட்டின் நிறமும் சூடும் மாறிவிட்டிருக்கும். இதற்கு ஒரே வழி, அது செய்த தவறுகளையெல்லாம் எடுத்துவைத்து, "இது யானை இல்லை, பாறை" என்று யாராவது உட்கார்ந்து திருத்தி, அவ்வப்போது மறுபாடம் நடத்துவது. திறப்பு விழாவுக்குக் காசு ஒதுக்குவது போல இதற்கும் ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டும். என் தொட்டிக் கம்பியை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க ஐந்து நிமிஷம்தான் ஆனது. ஆனால் அதைத் தேய்க்க வேண்டும் என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

வடகக் கதையின் மிச்சம்: காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் படம் எடுத்து, ஆடும் துண்டையும் மைனாவையும் சேர்த்து, மறுபடி பாடம் நடத்தினேன். மூன்றாம் நாள் லேப்டாப் திரையில் "காக்கை, 97 சதவீதம்" என்று மிகச் சரியாகக் காட்டிக்கொண்டிருந்தது. நான் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கும் பக்கத்து வீட்டு அக்காதான் கூப்பிட்டார்.